இத்தாலிய மொழியில் விளையாட்டு, உடற்பயிற்சி பற்றிப் பேச்சுக் கொடுப்பது எப்படி? (ஆம்பூர், ராணிப்பேட்டை, வேலூர்க்காரர்கள் கொஞ்சம் வாங்க)

ஆம்பூர்_லாஸ்டிங்

எல்லோருக்கும் வணக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் (கால் அச்சில் மாட்டி ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற இடம்) சூப்பர்வைசராக இருக்கிறேன். இத்தாலியில் இருந்து மெஷின் வரும்போதெல்லாம் கூடவே ஒரு டெக்னீஷியனும் வந்து சில வாரம் தங்கிவிட்டுப் போவார். வேலை நேரத்தில் ஒரு சிக்கலும் இல்லை, மெஷினைக் காட்டி, கையைக் காட்டி, தெரிந்த இங்கிலீஷை வைத்து எல்லாம் நடந்துவிடும். டீ நேரத்திலும் மதியச் சாப்பாட்டிலும்தான் கஷ்டம்.

போனில் ஒரு ஆப் வைத்து அடிப்படை இத்தாலியன் முடித்திருக்கிறேன். "கோமெ ஸ்தாய்?" என்று நலம் கேட்கிறேன், "பேனெ" என்று அவர் சொல்கிறார், அத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது. அவர் காலையில் ஓடப் போகிறவர், ராத்திரி போனில் ஃபுட்பால் பார்க்கிறவர். நான் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறவன். பேச விஷயம் இருக்கிறது, வாக்கியம்தான் இல்லை. அடுத்த மாதம் மறுபடி வருகிறார். விளையாட்டு, ஜிம், ஓட்டம் இந்த மாதிரி விஷயத்தில் ஒரு பத்து நிமிஷம் ஓட்டுகிற அளவுக்கு என்ன கற்றுக்கொள்ளலாம்? இலக்கணப் பாடம் வேண்டாம், அப்படியே எடுத்துப் பேசுகிற மாதிரி வேண்டும்.

பாலாற்றுக்காரன்

நல்ல கேள்வி தம்பி. நான் ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் பல வருஷம் இருந்தவன், வேலை விஷயமாக இத்தாலியில் சாந்தா க்ரோச்சே பக்கம் போய்த் தங்கியும் இருக்கிறேன். நம்ம ஊர் மாதிரியே அது முழுக்கத் தோல் தொழிலை நம்பி வாழ்கிற ஊர். அங்கே பழகிப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கேள்வி ஒன்று போதும்: "கெ ஸ்போர்ட் ஃபாய்?" நீ என்ன விளையாட்டு, என்ன பயிற்சி செய்கிறாய் என்று அர்த்தம். இதற்கு அவர் பத்து வாக்கியம் பதில் சொல்வார், உனக்கு ரெண்டு புரியும். பரவாயில்லை, அந்த ரெண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு "தவ்வேரோ?" என்று கேள். நிஜமாவா என்று அர்த்தம். அவர் இன்னும் சொல்வார்.

அடுத்து உன் பதில். இதற்கு மூன்று வினைச்சொல் இருந்தால் போதும். பந்தை வைத்து ஆடுகிற ஆட்டம் என்றால் "ஜோகோ அ": "ஜோகோ அ கிரிக்கெட்", "ஜோகோ அ கால்ச்சோ" (ஃபுட்பால்). பயிற்சியாகச் செய்வது என்றால் "ஃபாச்சோ": "ஃபாச்சோ யோகா", "ஃபாச்சோ பலெஸ்த்ரா" (ஜிம் செய்கிறேன்), "ஃபாச்சோ பெஸி" (வெயிட் தூக்குகிறேன்). ஒரு இடத்துக்குப் போய்ச் செய்வது, அல்லது ஓடப் போவது என்றால் "வாதோ": "வாதோ இன் பலெஸ்த்ரா", "வாதோ இன் பிஷீனா" (நீச்சல் குளம்), "வாதோ அ கொர்ரெரெ" (ஓடப் போகிறேன்). யோகாவுக்கு "ஜோகோ" போடக்கூடாது, ஆட்டத்துக்கு மட்டும்தான் அது.

இதோடு எப்போது என்று ஒரு துண்டைச் சேர்த்துவிடு. "லா தொமேனிக்கா" என்றால் ஞாயிறுதோறும். "ஓஞ்ஞி மத்தீனா" தினமும் காலை. "தூஎ வோல்தெ அ செத்திமானா" வாரத்துக்கு ரெண்டு தடவை. அவ்வளவுதான், "ஜோகோ அ கிரிக்கெட் லா தொமேனிக்கா" என்று சொல்லி, மூச்சு விடாமல் "எ தூ?" என்று திருப்பிக் கேட்டுவிடு. இந்த "எ தூ?" (நீ?) தான் முக்கியம். நம்ம பையன்கள் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள், பேச்சு அங்கேயே அறுந்துபோகிறது.

மேல்விஷாரம்_பாய்

தம்பி, ஆர்வத்தைத் தப்பு சொல்லவில்லை. ஆனால் நேரத்தை வேலைச் சொற்களில் போடு. "பெல்லெ" தோல், "தொமாயா" அப்பர் (ஷூவின் மேல்பகுதி), "சுவோலா" சோல், "கொல்லா" பசை, "ஃபொர்மா" உங்க லாஸ்ட், அதாவது கால் அச்சு. இதைத் தெரிந்துகொண்டால் சம்பளத்துக்கு உதவும். அவன் எந்த டீமுக்குக் கைதட்டுகிறான் என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது? எல்லோர் போனிலும் மொழிபெயர்ப்பு ஆப் இருக்கிறது. பேச வேண்டியதை அதில் பேசிக்கொள்ளலாம்.

பாலாற்றுக்காரன்

பாய், நீங்கள் சொன்ன ஐந்து சொல்லும் அவசியம்தான், தம்பி அதையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பசை டப்பாவை விரலால் காட்டிவிடலாம். நேற்று ராத்திரி அவருடைய டீம் தோற்றதற்கு வருத்தப்படுவதை எந்த விரலால் காட்டுவது? போனை நீட்டி நீட்டிப் பேசினால் ரெண்டாவது கேள்வியிலேயே ரெண்டு பேருக்கும் சலித்துவிடும். டீ குடிக்கும்போது மனசு விட்டு நாலு வார்த்தை பேசின ஆள்தான், ஊருக்குத் திரும்பின பிறகும் நாம் போன் போட்டால் எடுத்து "அந்த வால்வைப் பார்" என்று சொல்கிறான். இது நான் கண்ணால் பார்த்தது.

காட்பாடி_டு_தூரின்

நான் காட்பாடிக்காரன், தூரினில் மேல்படிப்பு படிக்கிறேன். இங்கே ஜிம்மில் தினமும் காதில் விழுவதைச் சொல்கிறேன், பாடப் புத்தகத்தில் இது இருக்காது.

ஒரு மெஷினில் ஆள் உட்கார்ந்திருந்தால் "க்வாந்தெ சேரியெ தி மாங்க்கனோ?" என்று கேட்கலாம். இன்னும் எத்தனை செட் பாக்கி என்று அர்த்தம். காலியாக இருக்கிற மாதிரித் தெரிந்தால் "எ லீபெரோ?" போதும். "சீ, ப்ரேகோ" என்று வழிவிடுவார்கள். ட்ரெட்மில்லுக்குப் பிரெஞ்சுப் பெயரே இங்கே நிலைத்துவிட்டது, "தபி ருலான்". அதேபோல் நின்ற இடத்தில் மிதிக்கிற சைக்கிள் "சிக்லெத்". டவல் "அஷுகமானோ". டவல் இல்லாமல் மெஷினில் உட்கார்ந்தால் முகம் சுளிப்பார்கள், அதனால் இந்தச் சொல் கட்டாயம். சேரும்போது பல ஜிம்களில் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்பார்கள், "செர்த்திஃபிகாத்தோ மேதிகோ" என்ற சொல்லையும் தெரிந்துவைத்துக்கொண்டால் கவுன்டரில் விழிக்க வேண்டாம்.

ஃபுட்பால் பற்றி: "பெர் கி தீஃபி?" என்றால் யாருக்கு சப்போர்ட் என்று அர்த்தம். தூரினில் இதைக் கேட்டால் பதில் ரெண்டே ரெண்டு, யுவெந்துஸ் அல்லது தொரினோ. வெளியூர் ஆட்கள் எல்லோரும் யுவெந்துஸ் பெயரையே சொல்வார்கள், அதனால் தொரினோ ரசிகரிடம் அந்த டீமைப் பற்றி ஒரு வரி தெரிந்து பேசினால் முகமே மாறிவிடும். 1949 மே 4 அன்று சுப்பெர்கா மலையில் விமானம் மோதி அந்த டீம் மொத்தமும் போய்விட்டது, இறந்தவர்கள் 31 பேர். அப்போது இத்தாலியிலேயே சிறந்த டீம் அது. இன்றைக்கும் மே 4 அன்று மலைக்கு ஏறிப் போகிறார்கள். சுப்பெர்கா என்ற பெயர் வந்தால் கொஞ்சம் அடக்கமாகக் கேளுங்கள்.

ஆம்பூர்_லாஸ்டிங்

அண்ணா, இது மாதிரிதான் வேண்டும். எங்களிடம் வருகிறவர் விச்சென்சா பக்கம், ஆர்ஸிஞ்ஞானோவுக்கு அருகில் என்று சொன்ன ஞாபகம். அந்த ஊருக்கு எதைப் பேசலாம்? எனக்கு ஃபுட்பால் சுத்தமாகத் தெரியாது, உலகக் கோப்பை மட்டும் பார்ப்பேன்.

பாலாற்றுக்காரன்

ஆர்ஸிஞ்ஞானோவும் தோல் ஊர்தான் தம்பி. உனக்கு ஒரே ஒரு பெயர் தருகிறேன்: ரொபெர்த்தோ பாஜ்ஜோ. விச்சென்சா மாவட்டத்தில் கல்தோஞ்ஞோ என்ற ஊரில் 1967-ல் பிறந்தவர். விச்சென்சா டீமில் ஆரம்பித்து, 1985-ல் ஃப்ளோரன்சில் உள்ள ஃபியொரெந்தீனாவுக்குப் போனார். 1990-ல் அவரை யுவெந்துசுக்கு விற்றபோது ஃப்ளோரன்ஸ் தெருவில் கலவரமே நடந்தது. 1994 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராகக் கடைசி பெனால்ட்டியை கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டவரும் அவர்தான், ஆனால் அதற்காக இத்தாலிக்காரர்கள் அவரை வெறுக்கவில்லை, நேசம் கூடித்தான் போனது. சாந்தா க்ரோச்சே பக்கம் ஃபியொரெந்தீனா ரசிகர்கள் அதிகம், ஆர்ஸிஞ்ஞானோ பக்கம் அவர் சொந்த ஊர்க்காரர். ஆக தோல் தொழிலில் இருக்கிற நமக்கு ரெண்டு ஊரிலும் செல்லுபடியாகிற பெயர் அது.

இன்னொருவர் பாவ்லோ ரோஸ்ஸி. அவர் இதற்கு நேர் எதிர்த் திசை: பிறந்தது தோஸ்கானாவில் ப்ராத்தோ, பெயர் வாங்கியது விச்சென்சா டீமில். 1982 உலகக் கோப்பையில் 6 கோல் அடித்து இத்தாலிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். வயது ஐம்பதைத் தாண்டிய டெக்னீஷியன் என்றால் "பாவ்லோ ரோஸ்ஸி, ஒத்தாந்ததூஎ!" என்று சொல்லிப் பார். ஒத்தாந்ததூஎ என்றால் 82. மீதியை அவரே சொல்லிவிடுவார், கையால் சொல்வார், டீ ஆறிப்போகும்.

ஒன்று மட்டும் கவனம். 2018, 2022 ரெண்டு உலகக் கோப்பைக்கும் இத்தாலி தகுதி பெறவில்லை. நான்கு முறை ஜெயித்த நாடு. அதை நாமாக எடுத்துப் பேசக் கூடாது. அவர் எடுத்தால் "பெக்காத்தோ" என்று சொல். ஐயோ பாவம், வருத்தம் என்கிற மாதிரி.

கோட்டை_வாக்கிங்

மொழி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், சொந்த ஆர்வத்தில் இத்தாலியன் படிக்கிறேன். உச்சரிப்பு பற்றிக் கொஞ்சம் சொல்லலாமா? இலக்கணம் வேண்டாம் என்றீர்கள், ஆனால் இது தமிழருக்கு லாபமான பகுதி.

இத்தாலியனில் ஒற்றை மெய்க்கும் இரட்டை மெய்க்கும் பொருளே மாறும். "பாலா" என்றால் மண்வெட்டி, "பல்லா" என்றால் பந்து. பலி, பல்லி என்று வித்தியாசம் காட்டிப் பேசிப் பழகின நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் இதற்குப் படாத பாடு படுகிறார்கள். த-வும் அப்படித்தான், நாக்கு பல்லைத் தொடும் நம்ம த. ட போட்டுப் பேசவே வேண்டாம். "ஓஞ்ஞி" என்பதில் வரும் ஞ்ஞ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கவனம் வேண்டிய இடம் வேறு. நம் எழுத்தில் p, b இரண்டுக்கும் ஒரே ப தான், t, d இரண்டுக்கும் ஒரே த தான்; அவர்களுக்கு b, d போன்ற மெலிந்த ஒலி வேறு, p, t போன்ற வல்லொலி வேறு. இந்த இழையில் தமிழில் எழுதியிருப்பதை வைத்து மட்டும் உச்சரித்தால் "பர்தீத்தா" (ஆட்டம்) போன்ற சொற்களில் தடுமாறும். அதிலே இரண்டு த-வும் வல்லொலி, ஆனால் ஒற்றை. ஆப்பில் ஒருமுறை காதால் கேட்டுவிட்டு அப்புறம் தமிழ் எழுத்தைப் பாருங்கள்.

வாக்கிய அமைப்பும் நமக்கு அருகில்தான். "மி ப்யாச்செ கொர்ரெரெ" என்பதை எனக்கு ஓடப் பிடிக்கும் என்று அப்படியே வைத்துப் பார்க்கலாம், "எனக்கு" முதலில் வருகிறது. நான் என்ற சொல்லைச் சொல்லவே வேண்டாம், போகிறேன் என்றாலே நான் என்று தெரிகிற மாதிரி "வாதோ" போதும். எவ்வளவு காலமாக என்று சொல்வதும் சுலபம்: "ஜோகோ அ கிரிக்கெட் த தியேச்சி ஆன்னி". பத்து வருஷமா ஆடுகிறேன். நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம், அவர்களும் நிகழ்காலத்தில்தான். ஆங்கிலம் வழியாகப் போனால்தான் சிக்கல் வரும், நேராகத் தமிழில் இருந்து போங்கள்.

சிஸ்டர்_வேலூர்

நர்ஸ் வேலைக்கு இத்தாலி போக மொழி படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் இந்த இழை ரொம்ப உபயோகம். ஒரு சந்தேகம். எல்லோரும் "எ தூ?" என்கிறீர்கள். எங்கள் வகுப்பில் பெரியவர்களிடமும் தெரியாதவர்களிடமும் "லேய்" போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வயதானவரிடம் "கெ ஸ்போர்ட் ஃபாய்?" என்று கேட்பது, நம்ம ஊரில் பெரியவரைப் பார்த்து நீ என்ன விளையாடுற என்று கேட்கிற மாதிரி ஆகிவிடாதா?

கோட்டை_வாக்கிங்

சரியாகக் கேட்டீர்கள் அம்மா. முதல் சந்திப்பு, வயதில் பெரியவர், கம்பெனி முதலாளி, நோயாளி, இவர்களிடம் "லேய்" தான். "கெ ஸ்போர்ட் ஃபா?", "எ லேய்?" என்று கேளுங்கள். வினைச்சொல் அவன், அவள் என்பதற்கு வருகிற வடிவத்தையே எடுக்கும், அவ்வளவுதான் வேறுபாடு.

காட்பாடி_டு_தூரின்

ஒத்துக்கொள்கிறேன் சார், ஆனால் ஜிம்மிலும் மைதானத்திலும் "லேய்" போட்டால் விலகி நிற்கிற மாதிரி ஆகிவிடும். ஜிம்மில் என்னைவிட வயதில் எவ்வளவோ பெரியவர்கள் என்னிடம் "தூ" என்றுதான் பேசுகிறார்கள், நானும் அப்படியே. சேர்ந்து வேலை செய்கிற இடத்திலும் சீக்கிரம் "தூ"வுக்கு வந்துவிடுவார்கள். சந்தேகமாக இருந்தால் "பொஸ்ஸியாமோ தார்ச்சி தெல் தூ?" என்று கேட்டுவிடலாம், நாம் நீ என்றே பேசிக்கொள்ளலாமா என்று அர்த்தம். ஆனால் இதைப் பெரியவர் கேட்பதுதான் முறை. அக்கா, ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் நீங்கள் "லேய்"யை விடவே வேண்டாம்.

சத்துவாச்சாரி_ஜிம்

எல்லோரும் அவர்கள் ஊர் ஃபுட்பாலையே மனப்பாடம் செய்யச் சொல்கிறீர்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாஜ்ஜோ பற்றி அவருக்குத் தெரியாததையா தம்பி சொல்லப் போகிறார்? நம்ம ஊரைப் பற்றிச் சொல்லட்டும், அதுதான் அவருக்குப் புதுசு. வேலூருக்கு வந்துவிட்டு பிரியாணியும் கோட்டையும் மட்டும் தெரிந்துகொண்டு போக வேண்டுமா?

எங்கள் சத்துவாச்சாரியில் வெயிட் லிஃப்டிங் எத்தனை பேர் செய்கிறார்கள். சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்திலும் 2018 கோல்டு கோஸ்ட்டிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். இதை இத்தாலியனில் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.

கோட்டை_வாக்கிங்

"நெல்லா மியா சித்தா சே உன் கம்பியோனெ தி சொல்லெவமெந்தோ பெஸி." என் ஊரில் ஒரு பளுதூக்கும் சாம்பியன் இருக்கிறார். ("சித்தா"வைச் ச்சி என்று அழுத்தி ஆரம்பியுங்கள், "சே"யும் அப்படியே.) அப்புறம் "தூஎ மெதாள்யெ தோரோ", ரெண்டு தங்கப் பதக்கம். காமன்வெல்த் என்றால் என்ன என்று விளக்கப் போனால் ஆரம்ப நிலையில் சிக்கிக்கொள்வோம், விட்டுவிடலாம்.

நீங்கள் சொன்னது எனக்கும் சரியாகவே படுகிறது. நான் தினமும் காலையில் நடக்கிறவன், அதனால் என் வாக்கியம் "கம்மீனோ ஓஞ்ஞி மத்தீனா விச்சீனோ அல்லா ஃபொர்தெத்ஸா". தினமும் கோட்டைப் பக்கம் நடக்கிறேன். எந்தக் கோட்டை என்று எதிராளி நிச்சயம் கேட்பார். பதினாறாம் நூற்றாண்டு, அகழி, உள்ளே கோவில் என்று பேச்சு வேறு பாதைக்குப் போகும். எதற்கு அவ்வளவு சீக்கிரம் எழுகிறீர்கள் என்றால் "ஃபா த்ரொப்போ கால்தோ", வெயில் தாங்காது. வேலூரில் மே மாதம் ஒரு வாரம் தங்கின இத்தாலிக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆம்பூர்_லாஸ்டிங்

ஜிம் அண்ணா சொன்னது எனக்கும் பிடித்திருக்கிறது. அப்படியென்றால் கிரிக்கெட்டை எப்படி விளக்குவது? போன தடவை பேட்டைக் காட்டினேன், அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

காட்பாடி_டு_தூரின்

விதிகளை விளக்காதே. "எ உன் போ கோமெ இல் பேஸ்பால்" என்று ஆரம்பி, கொஞ்சம் பேஸ்பால் மாதிரி. "ஊந்திச்சி ஜொகத்தோரி, ஊனா மாத்ஸா, ஊனா பல்லா": பதினொரு பேர், ஒரு மட்டை, ஒரு பந்து. ஃபுட்பாலிலும் பதினொன்று என்பதால் அவருக்கு அது உடனே பிடிபடும்.

அதற்குப் பிறகு எடுக்க வேண்டிய சீட்டு இது. ஜெனோவா ஊர் டீமின் முழுப் பெயர் இன்றைக்கும் ஜெனோவா கிரிக்கெட் அண்டு ஃபுட்பால் கிளப். 1893-ல் அங்கே இருந்த ஆங்கிலேயர்கள் ஆரம்பித்தது, கிரிக்கெட் முன்னால், ஃபுட்பால் பின்னால். 1899-ல் தொடங்கின மிலான் டீமின் பெயரிலும் முதலில் கிரிக்கெட் இருந்தது. "ஜெனோவா கிரிக்கெட்!" என்று சொன்னாலே அவருக்குப் புரியும், அவர் நாட்டு ஃபுட்பாலும் நம்ம கிரிக்கெட்டும் ஒரே வீட்டில் பிறந்தது என்று. அதோடு 2025 ஜூலையில் இத்தாலி கிரிக்கெட் டீம் முதல் தடவையாக டி20 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது, இந்தியாவிலும் இலங்கையிலும் நடந்த 2026 கோப்பைக்கு. இங்கே எத்தனையோ இத்தாலிக்காரர்களுக்கு இந்தச் செய்தியே தெரியாது, நான் சொல்லித்தான் தெரிந்தது. "தவ்வேரோ?" என்று இந்தத் தடவை அவர்கள் கேட்டார்கள்.

மேல்விஷாரம்_பாய்

கபடியைச் சொல்வது எப்படி என்று யாராவது போடுங்கள். ஊரில் பையன்கள் எல்லாம் அதுதான் ஆடுகிறார்கள்.

நான் ஒரு காலத்தில் வாலிபால் ஆடினவன். வாலிபாலுக்கு அங்கே மதிப்பு உண்டா?

காட்பாடி_டு_தூரின்

பாய், உண்டாவா! "பல்லவோலோ" என்று சொல்லிப் பாருங்கள். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் பெண்கள் வாலிபால் தங்கம் இத்தாலிக்கு. 2025-ல் ஆண்கள், பெண்கள் ரெண்டு உலகப் பட்டமும் அவர்களுக்குத்தான். பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் ஆடுகிறார்கள், என் வகுப்புப் பெண்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு கிளப்பில் ஆடினவர்கள். நீங்கள் "ஜொகாவோ அ பல்லவோலோ" என்று சொன்னால் போதும், வாலிபால் ஆடிக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம். ஜொகாவோ என்பது பழைய கதை சொல்லும் வடிவம். "இன் கெ ருவோலோ?" என்று கேட்பார்கள், எந்த இடத்தில் நின்று ஆடினாய் என்று.

கபடிக்கு மூன்று வினைச்சொல்: "உன் ஜொகத்தோரெ என்த்ரா, தொக்கா, தோர்னா." ஒரு ஆட்டக்காரன் உள்ளே போகிறான், தொடுகிறான், திரும்புகிறான். ஏழு பேர் "செத்தெ". மூச்சை அடக்குவதைச் செய்து காட்டிவிடுங்கள்.

மேல்விஷாரம்_பாய்

ஸ்மாஷ் அடிக்கிறவனாக இருந்தேன். அதற்கு என்ன சொல்?

காட்பாடி_டு_தூரின்

"ஸ்கியாச்சாத்தோரெ", பாய். நெட் பக்கம் எழும்பி அடிக்கிறவர். "எரோ ஸ்கியாச்சாத்தோரெ" என்றால் நான் ஸ்மாஷ் அடிக்கிறவனாக இருந்தேன்.

மேல்விஷாரம்_பாய்

சரி, எழுதி வைத்துக்கொண்டேன். எங்கள் கம்பெனிக்கு வருகிற கெமிக்கல் ஆள் நல்ல உயரம், கேட்டுப் பார்க்கிறேன்.

பாலாற்றுக்காரன்

பாய்க்கு நல்வரவு. ஃபுட்பால் பிடிக்காத இத்தாலிக்காரர்களும் நிறைய இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது கிடைக்கிற மற்ற கதவுகள் எல்லாம் பெரியவை. இப்போது டென்னிஸ் பேச்சுதான் எங்கும், யான்னிக் ஸின்னெர் 2024, 2025 ரெண்டு ஆண்டும் ஆஸ்திரேலிய ஓப்பன், 2025-ல் விம்பிள்டன். மே மாதம் வருகிறவராக இருந்தால் "ஜீரோ" என்று சைக்கிள் பந்தயத்தைக் கேளுங்கள், 1909-ல் இருந்து நடக்கிறது. முன்னணியில் இருப்பவர் ரோஸ் நிறப் பனியன் போடுவார், ஏனென்றால் பந்தயத்தை ஆரம்பித்த விளையாட்டுப் பத்திரிகை ரோஸ் நிறத் தாளில் வருகிறது. "வாய் இன் பீச்சி?" என்றால் சைக்கிள் ஓட்டுவாயா என்று அர்த்தம். ஆர்ஸிஞ்ஞானோ பக்கம் மலை ஏறுகிறவர்கள் அதிகம், "வாதோ இன் மொந்தாஞ்ஞா" என்றால் உடனே நம்ம ஏலகிரியைச் சொல்லிவிடலாம் தம்பி, ஆம்பூரில் இருந்து பக்கம்தானே. ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போ.

ஆம்பூர்_லாஸ்டிங்

எல்லாவற்றையும் சேர்த்து நான் பேசப் போவதை எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"ஆய் விஸ்தோ லா பர்தீத்தா யேரி சேரா?" (நேற்று ராத்திரி ஆட்டம் பார்த்தாயா?)
அவர் ஏதோ சொல்வார். "கி ஆ வின்தோ?" (யார் ஜெயித்தது?)
அவர் சொல்வார். ஜெயித்திருந்தால் "கெ பெல்லோ!" தோற்றிருந்தால் "பெக்காத்தோ".
"ஈயோ ஜோகோ அ கிரிக்கெட் லா தொமேனிக்கா. ஜெனோவா கிரிக்கெட்!"
அப்புறம் "தொமேனிக்கா அந்தியாமோ இன் மொந்தாஞ்ஞா?" (ஞாயிறு மலைக்குப் போகலாமா?)

கோட்டை_வாக்கிங்

அருமை தம்பி. "ஈயோ" இந்த இடத்தில் பொருத்தம்தான், அவரைப் பற்றிப் பேசிவிட்டு நானோ என்றால் என்று திரும்புகிற இடம் அது. மலைக்குக் கூப்பிட்டால் அவர் "வொலென்தியேரி" என்று சொல்லக்கூடும், சந்தோஷமாக வருகிறேன் என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் காதில் வைத்துக்கொள்.

ஆம்பூர்_லாஸ்டிங்

நன்றி சார். ஒரு கடைசிக் கேள்வி, சிஸ்டர் அக்காவுக்கு. போன தடவை அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், ஓடினதால் வலி என்று நினைக்கிறேன். மலைக்கு வேறு கூப்பிடப் போகிறேன். எப்படிக் கேட்பது?

சிஸ்டர்_வேலூர்

"தி ஃபா மாலெ இல் ஜினோக்கியோ?" முட்டி வலிக்கிறதா? முதுகு என்றால் "லா ஸ்கியேனா", கணுக்கால் "லா கவீல்யா". ஆமாம் என்று சொன்னால் "ரிபோஸா" என்று சொல்லுங்கள், ஓய்வு எடு என்று அர்த்தம். வீங்கியிருந்தால் ஐஸ் வைக்கச் சொல்ல "க்யாச்சோ" போதும். ரெண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றால் ஏலகிரியைத் தள்ளிப் போட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி, தனியாக அனுப்பாதீர்கள், ஆஸ்பத்திரி வரிசையில் அவருக்குப் பேச ஆள் வேண்டும்.